மூன்று முறை கை உயர்த்தியாயிற்று, இன்னும் திரும்பவில்லையா?

வாசகர் கேள்வி, 2024 பிப்ரவரி 13

வயது 26. கன்வென்ஷன் கூட்டங்களில் மூன்று முறை கை உயர்த்தி, முன்னே போய் முழங்காலில் நின்று அழுதிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டு மாதம் தாங்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. நாளை லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், தொடங்குகிறது. நான்காவது முறை மனந்திரும்பினால் ஆண்டவர் ஏற்றுக்கொள்வாரா? அல்லது முதல் மூன்றும் பொய்யா?

பிப்ரவரி 14, காலை

முதல் பாதிக்குப் பதில் எளிது. ஒருவன் ஒரே நாளில் ஏழு தரம் உனக்குக் குற்றம் செய்து ஏழு தரமும் திரும்பி வந்தால், ஏழு தரமும் மன்னித்துவிடு என்று லூக்கா 17-இல் நமக்குச் சொல்லியிருக்கிறார். நம்மிடம் ஏழு கேட்கிறவர், தான் மட்டும் மூன்றோடு கதவைச் சாத்திவிடுவாரா?

என்னை உறுத்துவது இரண்டாம் பாதி. கை உயர்த்தினீர்கள், முன்னே போனீர்கள், அழுதீர்கள். எல்லாமே கூட்டப் பந்தலுக்குள் முடிந்துவிட்டன. பழைய ஏற்பாட்டில் மனந்திரும்புதலுக்கு அதிகம் வழங்கும் எபிரேயச் சொல் 'ஷூப்'. திரும்பு என்று பொருள். வழிப்போக்கன் வந்த வழியே திரும்பினாலும் அதே சொல்தான். காலோடு சேர்ந்த சொல். கண்ணீரோடு சேர்ந்தது அல்ல. அழுகையை மனந்திரும்புதல் கணக்கில் வரவு வைக்காதீர்கள். யாருக்கு என்ன செய்தீர்களோ அவர் வீட்டு வாசல்வரை நடந்து போனீர்களா? இல்லையென்றால் இன்னும் பந்தலில்தான் நிற்கிறீர்கள்.

பிப்ரவரி 14, இரவு

என் மனைவி கத்தோலிக்கர், நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). இன்று அவளோடு திருநீற்றுப் புதன் பூசைக்குப் போயிருந்தேன். அவளுடைய அம்மா இன்றுவரை 'விபூதிப் புதன்' என்றுதான் சொல்வார். போன வருடக் குருத்தோலைகளை வீடுவீடாக வாங்கி எரித்த சாம்பல். குருவானவர் நெற்றியில் பூசும்போது, "மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்" என்றார். மாற்கு 1:15. எங்கள் பழைய வேதாகமத்தில் அதே வசனம், "மனந்திரும்பி, சுவிசேஷத்தை விசுவாசியுங்கள்."

மாறு, திரும்பு. ஒரே வசனம், இரண்டு வினை. கிரேக்கத்தில் 'மெட்டனோயா' என்றால் சிந்தை மாறுதல், ஆகவே புதிய மொழிபெயர்ப்பு கிரேக்கத்துக்கு நெருக்கம். பழையது எபிரேயத்தின் பக்கம் சாய்கிறது. எனக்குப் பழையதுதான் பிடிக்கிறது. மனம் மாறிவிட்டது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

இவ்வருடம் இந்த நாள் காதலர் தினத்திலேயே வந்துவிட்டது. கோவில் வாசலில் ரோஜா விற்றவருக்கு நல்ல வியாபாரம்.

பிப்ரவரி 16

"கடவுளிடம் நேராகச் சொன்னால் போதும், மனிதனிடம் எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மத்தேயு 5-ஐத் திறந்து பாருங்கள். பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முன்பு சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார். காணிக்கை அங்கேயே காத்திருக்கும். கத்தோலிக்கர் முன்பு பாவசங்கீர்த்தனம் என்றதை இப்போது ஒப்புரவு அருள்சாதனம் என்கிறார்களே, அதே சொல்.

இன்னொருவருக்கு: ஆம், துக்கம் வேறு, திரும்புதல் வேறு. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசைப் பற்றி மத்தேயு 27:3 "மனஸ்தாபப்பட்டு" என்று சொல்கிறது. கிரேக்கத்தில் அது மெட்டனோயா அல்ல, 'மெட்டமெலோமாய்' என்ற வேறு சொல். வெறும் வருத்தம். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிப்ரவரி 18

அவ்வளவுதான் இல்லை. தவறாக எழுதிவிட்டேன்.

இன்று ஆராதனையில் மத்தேயு 21 வாசித்தார்கள். திராட்சத்தோட்டத்துக்குப் போ என்று தகப்பன் சொல்ல, "போகமாட்டேன்" என்று முறைத்த மகன் பிறகு "மனஸ்தாபப்பட்டுப் போனான்." வீட்டுக்கு வந்து கிரேக்கத்தைப் பார்த்தால், யூதாசுக்கு வந்த அதே சொல். ஆனால் இவன் நல்ல மகன், தகப்பன் சித்தத்தைச் செய்தவன். ஆக சொல்லில் ஒன்றும் இல்லை. மனஸ்தாபப்பட்டான் என்பதற்கு அடுத்து என்ன வினை வருகிறது என்றுதான் பார்க்க வேண்டும். இவனுக்கு அடுத்த வினை 'போனான்'.

இரண்டு கிரேக்கச் சொல்லை வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்வதை இனி விட்டுவிடுகிறேன். (விடமாட்டேன், எனக்கே தெரியும்.)

பிப்ரவரி 22

"வாசல்வரை நடந்து போ என்று உபதேசம் செய்கிறீரே, நீர் போயிருக்கிறீரா?" என்று கேட்டவருக்கு. நியாயமான கேள்வி. இல்லை.

1991. எனக்கு 22 வயது. எங்கள் பக்கத்து ஊர் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சம்பளம் மாதம் 600 ரூபாய். தீபாவளி வியாபாரத்தில் கல்லா நிரம்பி வழியும், இரவு பதினொன்றுக்கு மேல்தான் எண்ணுவோம். மூன்று வாரத்தில் நூறும் இருநூறுமாக 2,300 ரூபாய் எடுத்தேன். பேரேட்டில் சரிக்கட்டத் தெரிந்த கை. அடுத்த வருடம் ஒரு கன்வென்ஷனில் கை உயர்த்தி ஓவென்று அழுதேன். ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று பிரசங்கியார் தலையில் கை வைத்துச் சொன்னார். வேறு வேலைக்குப் போய்விட்டேன். யாருக்கும் தெரியாது, யாருக்கும் கஷ்டமும் இல்லை. பெரிய கடை, அந்த முதலாளிக்கு அது ஒரு நாள் டீச் செலவு.

முப்பத்திரண்டு வருடமாக ஞாயிறுதோறும் எல்லோருடனும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறேன். தப்பிப்போன ஆடுகளைப்போல் அலைந்தோம், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம் என்று வரும் அந்த ஜெபம், 1552-இல் ஆங்கிலிக்க ஜெபப் புத்தகத்தில் சேர்ந்தது. அழகான ஜெபம். அதில் எல்லாமே பன்மை. முந்நூறு பேர் 'நாங்கள்' என்று சொல்லும்போது ஒருவன் உள்ளே ஒளிந்துகொள்ள எத்தனை வசதி!

பிப்ரவரி 25

கொஞ்சம் இளைப்பாறல். தகப்பன் சொத்தில் தன் பங்கை வாங்கி அழித்துவிட்டுப் பன்றி மேய்க்கப் போன கெட்ட குமாரன், பன்றி தின்கிற 'தவிட்டினாலே' வயிற்றை நிரப்ப ஆசைப்பட்டான் என்று நம் வேதாகமம் சொல்கிறதல்லவா? மூலத்தில் தவிடு இல்லை. கேரப் மரத்து நெற்று, கருவேலங்காய்போலத் தொங்கும். நம் ஊரில் பன்றி என்றால் தவிடு, மொழிபெயர்த்தவர் அப்படியே வைத்துவிட்டார். நான் அவர் கட்சி.

பன்றி என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய திருச்சபையின் பெரிய பரிசுத்தவான் அகுஸ்தீனார் பதினாறு வயதில் கூட்டாளிகளோடு பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடினார். தின்னக்கூட இல்லை, பெரும்பாலும் பன்றிகளுக்கு எறிந்தார்கள். நாற்பது வயதுக்குமேல் உட்கார்ந்து அதைப்பற்றிப் பக்கம் பக்கமாக உருகுகிறார். ஏன் திருடினேன், எது என்னை இழுத்தது என்று நெஞ்சைக் கிழித்துப் பார்க்கிறார். பேரிக்காய் மரத்துக்காரருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வரி இல்லை. பரிசுத்தவானே அப்படியென்றால் கணக்குப்பிள்ளையை யார் கேட்பது?

மார்ச் 2

இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட வரி வசூல்காரன் சகேயுவின் கணக்கு. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது "நாலத்தனையாக." ஒருவன் தானாக ஒத்துக்கொண்டால் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பது எண்ணாகமம் 5. நாலு மடங்கு என்பது ஆட்டைத் திருடி அடித்துத் தின்றவனுக்கோ விற்றவனுக்கோ யாத்திராகமம் 22 விதித்த தண்டனை. சகேயு யாரும் பிடிக்காமலே திருடனுக்குரிய விகிதத்தைத் தனக்குப் போட்டுக்கொள்கிறான். தொழில் தெரிந்தவன்.

என் கணக்கு: ஐந்தில் ஒன்று சேர்த்தால் 2,760. நாலு மடங்கு 9,200. நேற்று இதை வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்தாள். "அன்றைக்கு அந்தப் பணத்துக்கு ஏறக்குறைய ஒரு பவுன் வாங்கியிருக்கலாம். இன்று பவுன் என்ன விலை?" 40,000-ஐத் தாண்டிவிட்டது. மோசேயின் சட்டத்தில் பவுன் விலை ஏற்றத்துக்கு ஏற்பாடு இல்லை.

அவள் இன்னொன்றும் சொன்னாள். சிறுவயதில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பக்கத்து வீட்டு மாங்காய் திருடியதைச் சொன்னபோது, வலைக்கு அந்தப் பக்கம் இருந்த சாமியார் கேட்ட முதல் கேள்வி: "திருப்பிக் கொடுத்தாயா?" தின்றாயிற்று என்றாளாம். அப்படியானால் போய்ச் சொல்லிவிட்டு வா என்றாராம். என் தலையில் கை வைத்த பிரசங்கியார் கடைப்பெயரைக்கூடக் கேட்கவில்லை. நானும் அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 9

பிப்ரவரி 22-இல் எழுதியதை இன்று மறுபடி படித்தேன். "யாருக்கும் கஷ்டமும் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். அது பொய். மறதியால் வந்த பொய் அல்ல.

பொங்கலுக்கு முன் கணக்கு இடித்தது. முதலாளி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். கடையில் துணி மடித்துக்கொண்டு, டீ வாங்கிக்கொண்டு, இரவில் கல்லாவை என்னோடு உள்ளே தூக்கி வைக்கும் பையன் ஒருவன் இருந்தான். பதினெட்டு வயது. அவன்மேல் சந்தேகம் விழுந்தது. அடித்தார்கள். சட்டைப் பையைப் பிதுக்கிப் பார்த்தார்கள், பீடிக்கட்டு ஒன்று விழுந்தது. அன்றே அனுப்பிவிட்டார்கள். பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனா மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டது மட்டும் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது.

இத்தனை வருடம் என் சாட்சியில் இந்தப் பையன் வந்ததே இல்லை. கன்வென்ஷனில் அழுதபோதும் முதலாளியின் பணத்துக்குத்தான் அழுதேன். 'இரட்சிக்கப்பட்ட தேதி' கேட்பவர்களுக்கு நாள், கிழமை, இடம் சகிதம் ஒப்பிப்பேன்.

மார்ச் 10

திட்டியவர்களுக்குப் பதில் இல்லை. "லூத்தர் 1517-இல் எழுதிய தொண்ணூற்றைந்து வாசகங்களில் முதலாவதே விசுவாசியின் வாழ்நாள் முழுதும் மனந்திரும்புதல் என்பதுதானே, இப்போதாவது தொடங்கினீரே" என்று ஆறுதல் சொன்னவருக்கு நன்றி. ஆனால் அந்த வாக்கியத்தில் எனக்கு வசதியான ஒரு படுக்கை இருக்கிறது. வாழ்நாள் முழுதும் என்றால் இந்த வாரம் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

யூதாசை மறுபடி பார்க்கிறேன். மனஸ்தாபம், பாவ அறிக்கை, பரிகாரம் என்று மூன்றைப் பழைய திருச்சபை கேட்கும். மூன்றும் அவனிடம் இருக்கின்றன. துக்கப்பட்டான். "குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன்" என்று வாய்விட்டுச் சொன்னான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். என்னைவிட மூன்று படி மேல். பிரதான ஆசாரியர்கள் சொன்ன பதில், "எங்களுக்கென்ன, அது உன்பாடு." காசைக் கொடுத்த இடம் அது. காட்டிக்கொடுக்கப்பட்டவர் வேறு இடத்தில் இருந்தார். நான் முதலாளியிடம் 9,200 கொண்டுபோனாலும் அதே கதைதான்.

மார்ச் 16

ஆனாலும் போனேன். கடையில் இப்போது மகன் இருக்கிறார். முதலாளி 2009-இல் காலமாகிவிட்டார். சொன்னேன். பில் போட்டுக்கொண்டே கேட்டார். "அப்பா இருந்திருந்தால் காலை முறித்திருப்பார்" என்றார், கோபமில்லாமல். உறையை வாங்கி எண்ணாமல் மேசை இழுப்பறையில் போட்டார். ரசீது வேண்டுமா என்று கேட்டார். வேடிக்கையாகக் கேட்டாரா என்று இன்னும் புரியவில்லை.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்டேன். பெயர்கூட அவருக்குத் தெரியவில்லை. வாசலில் பூக்கட்டுகிற அம்மாதான் சொன்னார், இரண்டு ஊர் தள்ளி மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார் என்று.

பஸ் ஏறவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

கேள்வி கேட்ட தம்பி தனியாக எழுதியிருக்கிறார். "ஐயா, நீங்கள் போகாமல் இருப்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கிறது." இருக்கட்டும். இதற்காவது உதவினேனே.

இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த பேதுருவைப் பற்றி யாரோ கேட்டீர்கள். அவன் மன்னிப்புக் கேட்டதாக நான்கு சுவிசேஷத்திலும் ஒரு வசனம் கிடையாது. மனங்கசந்து அழுதான், அவ்வளவுதான். முதல் நாள் நான் வரவு வைக்காதே என்றேனே, அந்த அழுகை. ஆனால் யூதாஸ் தனியே போனான், பேதுரு மற்றவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டான். அதனால் உயிர்த்தெழுந்து தேடி வந்த இயேசுவுக்கு அவனைக் கண்டுபிடிக்க முடிந்தது. யோவான் சுவிசேஷத்தில் 'கரிநெருப்பு' இரண்டே இடத்தில் வருகிறது. மறுதலித்தபோது குளிர்காய்ந்த இடத்தில் ஒன்று, 21-ஆம் அதிகாரத்தில் கடற்கரையில் மீன் சுட்ட இடத்தில் மற்றொன்று. அதே புகை நாற்றத்தில் நிற்க வைத்து, என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்கிறார்.

முன்பே அவனிடம் சொல்லியிருந்தார்: "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து." மூலத்தில் அது 'திரும்பிய பின்பு' என்று பொருள்படும் சொல். நம்மவர்கள் குணப்படுதல் என்று போட்டார்கள். நோய்க்கும் அதுதான் நமக்குச் சொல். நோயாளி தானாக எழுந்து நடந்தால்தான் குணம் என்று பிப்ரவரி 14-இல் நான் அடித்துப் பேசியது கொஞ்சம் அதிகம். கெட்ட குமாரன் கதையிலும் மகன் நடந்துதான் வருகிறான், ஓடுவது தகப்பன். "கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்" என்று பாடம் செய்து வந்த வாக்கியத்தை மகன் சொல்லி முடிக்கவே இல்லை, கவனித்தீர்களா? அதற்குள் தகப்பன் அங்கி கொண்டுவரச் சொல்லிவிடுகிறார்.

எனக்கு எதிரே ஓடிவர யாரும் இல்லை என்று சொல்லிச் சாக்குப்போக்கு தேடுகிறேன். தெரிகிறது.

மார்ச் 30

நேற்று பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து நேராகப் பஸ் ஏறினேன். விடுமுறை நாளிலும் கடை திறந்திருந்தது. அவருக்கு இப்போது ஐம்பது வயது. கிரைண்டர் மோட்டார் ஒன்றுக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். நான் பெயர் சொன்னேன். நிமிரவில்லை. "பொறுங்கள், எண்ணிக்கை தப்பிவிடும்" என்றார். உதடு மட்டும் அசைந்தது. நூற்றுக்குமேல் சுற்று இருக்கும். நின்றேன். கம்பியை நறுக்கி, முனையைப் பிளேடால் சுரண்டி, துணியில் கையைத் துடைத்துவிட்டு, "கணக்கு அண்ணன்தானே?" என்றார்.

சொன்னேன். உறையை நீட்டினேன், ஒரு பவுன் விலைக்கு. அதைத் தொடவில்லை.

"அப்பா சாகும்வரை என்னைக் கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையை எண்ணித்தான் வாங்குவார்," என்றார். "எனக்குக் கல்யாணம் ஆன பிறகும்." பிறகு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. மோட்டாரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும் அண்ணன், நான் எடுக்கவில்லை என்று. என்னிடம் வந்து சொல்லி என்ன ஆகப்போகிறது? அம்மா இருக்கிறார். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வாருங்கள். காது மந்தம், உரக்கச் சொல்ல வேண்டும்."

ஏப்ரல் 2

போய்விட்டு வந்தேன். வரிசை வீடுகள், நடுவில் ஒரு குழாயடி. அம்மா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மகன் என்னைக் காட்டி, பழைய கடைக் கணக்கு அண்ணன் என்று காதருகே கத்தினார். நான் அருகே குனிந்து, மெல்லச் சொல்லப் பார்த்தேன். "கேட்கவில்லை ஐயா" என்றார். கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். "என்ன பணம்?" என்றார். மூன்றாம் தடவை வாய்விட்டுக் கத்தினேன்: கல்லாப் பணத்தை எடுத்தது நான், உங்கள் மகன் இல்லை. குழாயடியில் ஒரு பெண் குழாயை மூடினாள். எதிர் வீட்டு வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. கீரைக் காம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார்.

"நீ ஏன் அப்போதே சொல்லவில்லை?"

"சொன்னேனே அம்மா," என்றார் அவர், என்னைவிட உரக்க. "அப்போதே சொன்னேனே."